நெட் என்றால், எது போக?

கணக்கு மேசை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது எட்டு கடிதங்கள் ஒரே சொல்லில் வந்து நின்றன. ஜெர்மனிக்கு பனியன் அனுப்புகிறவரும், கும்பகோணத்தில் நகை வாங்கியவரும், சிங்கப்பூரில் சாப்பிடப் போனவரும் கேட்டிருப்பது 'நெட்' என்ற மூன்றெழுத்தைப் பற்றித்தான். திருப்பூரில் 31 வருடம் கணக்கு எழுதிய எனக்கு அந்தச் சொல் சோறும் போட்டிருக்கிறது, சூடும் போட்டிருக்கிறது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பல்லடத்திலிருந்து ஒரு வாசகி:

அம்மா, வணக்கம். பி.காம். முடித்துவிட்டு மூன்று மாதமாக ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனி பையர் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டரின் கடைசிக் கட்டத்தில் 'நெட் வேல்யூ' என்று ஒரு தொகை இருந்தது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன், 'வலை மதிப்பு' என்று வந்தது. முதலாளியிடம் கேட்டேன். "நம்ம கைக்கு வர்ற காசு அம்மிணி அது" என்றார். ஆனால் பேங்கில் வந்து விழுந்தது அதைவிடக் குறைவு. எதை நம்புவது?

பதில்: போன் சொன்னது தவறு கண்ணு. முதலாளி சொன்னது பாதி சரி.

ஆங்கிலத்தில் இரண்டு நெட் இருக்கின்றன. மீன் பிடிக்கிற வலை ஒன்று. அது அவர்களுடைய பழைய சொந்தச் சொல். இன்டர்நெட்டில் இருப்பதும் அதுதான். உங்கள் ஆர்டரில் இருப்பது வேறு வீட்டுப் பிள்ளை, பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சுத்தமானது என்று பொருள். அதற்கும் முந்தைய லத்தீன் சொல்லுக்குப் பளபளப்பது என்று பொருள். 'நீட்டா இருக்கு' என்கிறோமே, அந்த நீட்டும் இதே வேர்தான். இதற்கு எதிர்ச்சொல் கிராஸ். பிரெஞ்சில் அது பருத்தது, தடித்தது. சாக்கும் தூசியுமாகத் தடித்து நிற்பது கிராஸ், எல்லாம் உதறிய பிறகு சுத்தமாக நிற்பது நெட். இடையில் உதறுகிறோமே, அதற்கும் ஒரு பெயர் உண்டு: டேர். அரபியில் 'எறியப்பட்டது' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. மளிகைக் கடையில் எண்ணெய்த் தூக்கை எலக்ட்ரானிக் தராசில் வைத்ததும் கடைக்காரர் ஒரு பட்டனை அமுக்கி எண்ணைப் பூஜ்யமாக்குகிறாரே, அந்தப் பட்டனில் எழுதியிருப்பது டேர்தான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1988-ல் ஒரு நூல் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அங்கிருந்த பெரிய கணக்குப்பிள்ளை என்னை குடோனுக்குக் கூட்டிப்போனார். ஒரு நூல் மூட்டையைத் தராசில் ஏற்றி எடையை எழுதச் சொன்னார். பிறகு மூட்டையைப் பிரித்து, நூல் தீர்ந்துபோன பழைய காகிதக் கோன், மூட்டையில் இருந்த கணக்குக்கு 24 எண்ணி எடுத்து, அந்தச் சாக்கோடு சேர்த்து நிறுக்கச் சொன்னார். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. "இதைக் கழிக்காமப் பணம் குடுத்தா, நூல் விலைக்குக் காகிதம் வாங்குனதாச்சு" என்றார். அன்றைக்கு நோட்டில் எழுத அவர் சொன்ன வாசகத்தில் நெட் என்ற சொல்லே இல்லை. 'சாக்கு, கோன் போக நூல்' என்று எழுதச் சொன்னார்.

அந்த 'போக' இருக்கிறதே, அதுதான் நெட். நம் பாட்டிமார் 'செலவு போக மிச்சம்', 'கழிவு போக நெல்லு' என்று சொன்னதும் இதைத்தான். தமிழில் ஒரு வசதி உண்டு. போக என்று சொல்ல வேண்டுமானால் எது போக என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். வெறுமனே 'போக 100 கிலோ' என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆங்கிலத்தில் வெறுமனே 'நெட் 100' என்று எழுதிவிட்டுப் போய்விட முடிகிறது. தொல்லை முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது உங்கள் ஆர்டர். ஒரு உதாரணம் போடுகிறேன். 5,000 பீஸ், பீஸ் 2.40 யூரோ. மொத்தம் 12,000 யூரோ. பேசிய தள்ளுபடி 3 சதவீதம் என்றால் 360 யூரோ கழியும். நிற்பது 11,640. ஜெர்மனி பையர் நெட் வேல்யூ என்று போடுவது வழக்கமாக இந்தத் தொகையைத்தான்: தள்ளுபடி போனது, வரி சேராதது. அங்கே மதிப்புக் கூட்டு வரி 19 சதவீதம். அதைச் சேர்த்த தொகை அவர்களுக்கு புரூட்டோ, சேராதது நெட்டோ. பெரிய கம்பெனிகள் வைத்திருக்கிற எஸ்.ஏ.பி. மென்பொருளும் ஜெர்மனியில் பிறந்ததுதான். அதன் ஆர்டர் படிவத்திலும் நெட் வேல்யூ என்றால் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்.

முதலாளி சொன்ன 'கைக்கு வர்ற காசு' இதற்கும் கீழே இருக்கிறது. ஏஜென்ட் கமிஷன் 5 சதவீதம் என்றால் 582 யூரோ போகும். பேங்க் கட்டணங்கள் 45 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 11,013. இதற்கு எங்கள் ஊர் ஏற்றுமதிக்காரர்கள் சொல்கிற பெயர் நெட் ரியலைசேஷன். ஆர்டரில் இருக்கும் நெட், பையர் பக்கத்துத் தள்ளுபடி போக. ரியலைசேஷனில் இருக்கும் நெட், நம் பக்கத்துச் செலவும் போக. இரண்டிலும் நெட் உண்டு, ஆனால் தொகை வேறு.

அதே தாளில் 'பேமென்ட் டெர்ம்ஸ்' கட்டத்தையும் பாருங்கள். 'நெட் 30' என்று இருந்தால் 30 நாளுக்குள் முழுத் தொகையும் தர வேண்டும் என்று அர்த்தம், எதுவும் கழிக்கக் கூடாது. '2/10 நெட் 30' என்று இருந்தால் 10 நாளுக்குள் கொடுப்பவருக்கு 2 சதவீதம் சலுகை, இல்லாவிட்டால் 30 நாளுக்குள் முழுத் தொகை. மேலே சொன்ன பில்லில் அந்த 2 சதவீதம் 232.80 யூரோ. பேங்கில் குறைந்து விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முதலில் இதைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு பேங்கைக் கேளுங்கள்.

என் கதை ஒன்றைச் சொன்னால் நீங்கள் என்றைக்கும் மறக்க மாட்டீர்கள். 1996-ல் நான் இருந்த கம்பெனி ஓர் ஏஜென்ட்டோடு ஒப்பந்தம் போட்டது. கமிஷன் 'நெட் இன்வாய்ஸ் வேல்யூ'வில் 5 சதவீதம் என்று ஒரு வரி. அந்த வருடம் கப்பல் வாடகையையும் சேர்த்து இன்வாய்ஸ் போட்டோம். நான் வாடகையைக் கழித்துவிட்டுக் கமிஷன் கணக்குப் போட்டேன். அவர்கள், நெட் என்றால் தள்ளுபடி மட்டும்தான் கழியும், வாடகை கழியாது என்றார்கள். ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எது போக என்று ஒரு சொல் இல்லை. 40,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்தோம். தட்டச்சு செய்து நீட்டியவள் நான்தான். முதலாளி என்னைத் திட்டவில்லை. அது திட்டியதைவிட வலித்தது. அதற்குப் பிறகு என் கையால் போன எந்தத் தாளிலும் நெட் என்ற சொல் தனியாகப் போனதில்லை. 'தள்ளுபடி, கப்பல் வாடகை, காப்பீடு நீங்கலாக' என்று பக்கத்திலேயே எழுதிவிடுவேன். நீங்களும் பையருக்கு ஒரு வரி மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்பதால் யாரும் உங்களை மட்டமாக நினைக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்:

இங்கே ஓட்டல் மெனுவில் சில இடங்களில் '20 டாலர்' பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் 'நெட்' என்று போட்டிருக்கிறார்கள், அதுவும் இரண்டு டீ எழுத்தோடு. எது மலிவு?

பதில்: இரண்டு டீ போடுவது பழைய பிரிட்டிஷ் எழுத்துமுறை. பொருள் மாறுவதில்லை. சிங்கப்பூரில் அந்த இரண்டு பிளஸ், 10 சதவீத சேவைக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் தனி என்கிறது. ஜி.எஸ்.டி. அங்கே 2024 முதல் 9 சதவீதம். 20 டாலர் சேவைக் கட்டணத்தோடு 22 ஆகும், வரியோடு 23.98 ஆகும். நெட் என்று போட்டிருந்தால் எல்லாம் உட்பட்ட விலை, அதற்கு மேல் ஒரு காசு இல்லை. 23 டாலர் நெட், 20 பிளஸ் பிளஸைவிட மலிவு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. ஜெர்மனியில் நெட் என்றால் வரி சேராதது என்று மேலே எழுதினேன். இங்கிலாந்திலும் அப்படித்தான்: 100 பவுண்டு நெட், 20 சதவீத வரி சேர்த்து 120 பவுண்டு கிராஸ். சிங்கப்பூர் ஓட்டலில் நெட் என்றால் வரி சேர்ந்தது. நம் ஊர் ஜவுளிக்கடை பில்லிலும் அடியில் 'நெட் அமௌண்ட்' என்று போட்டிருப்பது ஜி.எஸ்.டி. சேர்த்து, சில்லறையைச் சரிக்கட்டி, கல்லாவில் நாம் கட்டுகிற தொகை. ஒரே சொல் தலைகீழாகத் திரும்பிவிடுகிறது.

காரணம் எளிது. யார் கையிலிருந்து பார்க்கிறோம் என்பதுதான். விற்பவருக்கு வரி அவருடையதல்ல, அரசாங்கத்துக்குப் போகிறது. அது போக அவர் கையில் நிற்பது நெட். வாங்குகிறவருக்குத் தள்ளுபடி போக, இனிமேல் சேர்க்க ஒன்றும் இல்லாமல் முடிந்த தொகை நெட். ஆகவே எது போக என்று கேட்ட கையோடு, யார் கையில் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நம் ஜி.எஸ்.டி. விதிகளில் இந்தக் குழப்பம் இல்லை. பில்லில் காட்டச் சொல்வது 'டாக்ஸபிள் வேல்யூ', அதாவது தள்ளுபடி போக, வரி போடுவதற்கு முந்தைய தொகை. வியாபாரத்துக்காக வாங்குகிறவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் போதும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி:

அக்கா, பெண்ணுக்குக் கல் வைத்த நெக்லஸ் வாங்கினேன். பில்லில் கிராஸ் 24.600 கிராம், நெட் 21.350 கிராம். ஆனால் தங்கத்துக்குப் பணம் வாங்கியது கிட்டத்தட்ட 24 கிராமுக்கு. அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் 21 கிராமுக்கும் குறைவாகப் போடுகிறார்கள். என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பில்லை முழுதும் பார்க்காமல் அப்படிச் சொல்ல மாட்டேன் அம்மா. நீங்கள் எழுதிய எண்களை வைத்துப் பிரித்துக் காட்டுகிறேன்.

24.600-லிருந்து 21.350 போனால் 3.250 கிராம். அது கல். கல்லுக்குத் தனியாக ஒரு தொகை போட்டிருப்பார்கள். தங்க விலைக்குக் கல்லை நிறுத்துவிடவில்லை என்பதற்கு இந்த நெட் எடைதான் சாட்சி. அதுவரை சரி. அடுத்து சேதாரம். 12 சதவீதம் என்றால் 21.350-க்கு 2.562 கிராம். இரண்டும் சேர்ந்து 23.912. நீங்கள் 'கிட்டத்தட்ட 24' என்று எழுதியது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த இரண்டரை கிராம் நெக்லஸில் இல்லை. செய்யும்போது தேய்ந்ததற்கும் கழிந்ததற்கும் என்று வாங்குகிற பணம் அது. பில்லில் தங்கமாக எழுதியிருந்தாலும் உங்கள் கழுத்துக்கு வரவில்லை. விற்கும்போதோ அடகு வைக்கும்போதோ அது திரும்ப வராது. இதைக் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எனக்கு ஆறவில்லை.

இன்னும் ஒரு படி இருக்கிறது. 916 முத்திரை என்றால் 22 காரட், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். 21.350 கிராமில் சொக்கத் தங்கம் 19.557 கிராம். மிச்சம் செம்பு போன்ற கலப்பு. கல் போக நெட் 21.350, கலப்பும் போக 19.557. ஆங்கிலத்தில் முதலாவதை நெட் வெயிட் என்றும் இரண்டாவதை ஃபைன் வெயிட் என்றும் சொல்வார்கள். 22 காரட் விலையைப் போடும்போது கலப்பு ஏற்கெனவே கழிந்த விலைதான் அது. 24 காரட் விலையில் பேசுகிறவர்களிடம் மட்டும் இந்த இரண்டாவது எண் தேவைப்படும்.

அடகுக் கடைக்காரர் 21-க்கும் குறைத்தது ஏன்? கல்லுக்கு அடியில் அரக்கு இருந்தால் அதையும் கழிப்பார்கள். கல்லைப் பிரிக்காமல் கண்ணால் பார்த்துக் கழிப்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கழித்துவிடுவதும் உண்டு. கடை பில் கையில் இருந்தால் கல் எடை 3.250 என்று காட்டிக் கேட்கலாம். ஹால்மார்க் நகையின் பில்லில் நகையின் விவரம், தங்கத்தின் நெட் எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது ஹால்மார்க்கைக் கவனிக்கிற அரசு அமைப்பான பி.ஐ.எஸ். சொல்கிற முறை. நகையில் பொறித்த ஹெச்.யு.ஐ.டி.யையும், அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியையும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அந்தத் தாள்தான் உங்கள் நெட்.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்:

மியூச்சுவல் ஃபண்டில் ஒன்றின் என்.ஏ.வி. 10 ரூபாய், இன்னொன்றுக்கு 500 ரூபாய். பத்து ரூபாய் மலிவாகத் தெரிகிறது. அதில் போடலாமா?

பதில்: ஐயா, மலிவு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். என்.ஏ.வி. என்பது நெட் அசெட் வேல்யூ. ஃபண்ட் வைத்திருக்கிற பங்கு, பத்திரம், ரொக்கம் எல்லாவற்றின் அன்றைய மதிப்பையும் கூட்டி, அது கொடுக்க வேண்டியதைக் கழித்து, யூனிட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. சொத்து 105 கோடி, கொடுக்க வேண்டியது 5 கோடி, யூனிட் 4 கோடி என்றால் என்.ஏ.வி. 25 ரூபாய். நீங்கள் 10,000 ரூபாய் போட்டால் 10 ரூபாய் ஃபண்டில் 1,000 யூனிட், 500 ரூபாய் ஃபண்டில் 20 யூனிட். இரண்டும் 10 சதவீதம் ஏறினால் இரண்டிலும் 11,000 ரூபாய்தான். பத்து ரூபாய் என்பது பெரும்பாலும் அந்த ஃபண்ட் புதிதாகத் தொடங்கியது என்பதைத்தான் காட்டும்.

நிர்வாகச் செலவு இந்த எண்ணில் அன்றன்றைக்கே கழிந்துவிடுகிறது. ஆனால் சீக்கிரம் வெளியே வந்தால் பிடிக்கிற எக்ஸிட் லோடும், லாபத்துக்கான வருமான வரியும் இதில் கழியவில்லை. அவை போகத்தான் உங்கள் கைக்கு.

உங்கள் வயதுக்காரர்களுக்கு யூ.எஸ். 64 நினைவிருக்கும். 1964-ல் யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா தொடங்கிய ஃபண்ட் அது. அதன் யூனிட்டை விற்கிற விலையையும் திரும்ப வாங்குகிற விலையையும் டிரஸ்டே அறிவித்தது. உள்ளே இருக்கிற சொத்தின் நெட் மதிப்போடு அந்த விலை கட்டப்படவில்லை. விலைக்கும் மதிப்புக்கும் இடையே பள்ளம் விழுந்து, 2001 ஜூலையில் விற்பதையும் திரும்ப வாங்குவதையும் ஆறு மாதத்துக்கு நிறுத்தினார்கள். பென்ஷன் பணத்தைப் போட்டவர்கள் தவித்த தவிப்பை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். இன்றைக்கு ஒவ்வொரு வேலை நாளும் என்.ஏ.வி. வெளியாகிறது என்றால் அதை அற்பமாக நினைக்காதீர்கள். அந்த எண் வெளியே தெரியாமல் இருந்த காலத்துக்கு ஒரு தலைமுறை விலை கொடுத்திருக்கிறது.

அவிநாசியிலிருந்து ஒரு வாசகர்:

அண்ணனும் நானும் சேர்ந்து நடத்திய நிட்டிங் யூனிட்டைப் பிரித்துக்கொள்கிறோம். "பேலன்ஸ் ஷீட்ல நெட் வேல்யூ இருக்கு, அதுல பாதி உனக்கு" என்கிறார் அண்ணன். சரிதானா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் அண்ணன் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம், அதைப் பற்றி நான் பேசவில்லை. பேலன்ஸ் ஷீட்டில் இருப்பது வாங்கிய விலையில் தேய்மானம் போக நிற்பது, அதாவது நெட் புக் வேல்யூ. 10 லட்சத்துக்கு வாங்கிய மெஷினுக்கு வருமான வரிக் கணக்கில் வருடம் 15 சதவீதம் கழிப்பார்கள். முதல் வருடம் 8,50,000, இரண்டாம் வருடம் 7,22,500, மூன்றாம் வருடம் 6,14,125. இந்தத் தொகை சந்தையைப் பார்த்து வந்ததல்ல, சதவீதத்தால் வந்தது. இதே மெஷினை விற்கப் போனால் நாலு லட்சமும் கேட்கலாம், எட்டு லட்சமும் கேட்கலாம்.

மெஷினில் வருகிற வித்தியாசம் சின்னது. நிலம்தான் பெரிது. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. வாங்கிய விலையிலேயே ஏட்டில் படுத்திருக்கும். என் கணவர் வீட்டார் 1974-ல் 9,000 ரூபாய்க்கு வாங்கிய ஒரு இடத்தில் தறிக்கூடம் போட்டிருந்தார்கள். 2009-ல் பங்கு பிரித்தபோது ஏட்டில் அந்த இடம் அதே 9,000 ரூபாயாக இருந்தது. கணவர் காலமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். உறவில் சண்டை வேண்டாம் என்று ஏட்டுக் கணக்கை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். இருபது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியிருந்தவள் நான். எனக்கே அன்றைக்கு எது போக என்று கேட்கத் தோன்றவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்கள் முன்னால் கணக்குத் தாளை நீட்டக் கூடாது என்று அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை இரண்டு பேரும் சேர்ந்து அமர்த்துங்கள். இடம், கட்டடம், மெஷின் எல்லாவற்றுக்கும் இன்றைய மதிப்பு போடச் சொல்லுங்கள். பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பைச் சந்தை மதிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பிறகு பேங்க் கடன், நூல் கடைக்காரருக்குப் பாக்கி, ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியது எல்லாவற்றையும் கழியுங்கள். அது போக நிற்பதுதான் பங்கு போடுகிற நெட். குடோனில் தேங்கிய சரக்கையும் மறக்காதீர்கள். பீஸ் 300 ரூபாய் அடக்கமான டி-ஷர்ட் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் 180-க்குத்தான் போகும், அதிலும் வண்டி வாடகையும் கமிஷனும் 15 ரூபாய் போகும் என்றால், அதன் மதிப்பு 165 ரூபாய். கணக்கில் இதற்கு நெட் ரியலைசபிள் வேல்யூ என்று பெயர். அடக்க விலை, இந்த விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். அண்ணன் 300 போட்டால் உங்களுக்கு லாபம்தான். அப்போதும் 165 என்று நீங்களே திருத்திச் சொல்லுங்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டுமே.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்:

மகன் மேல்படிப்புக்கு வெளிநாடு போக நெட் வொர்த் சர்ட்டிபிகேட் கேட்கிறார்கள். வீட்டுக் கடனைக் காட்ட வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். நெட் வேல்யூவும் நெட் வொர்த்தும் ஒன்றா?

பதில்: ஒரு பொருளுக்கு, ஒரு பில்லுக்கு, ஒரு சொத்துக்கு நெட் வேல்யூ என்பார்கள். ஒரு ஆளுக்கோ கம்பெனிக்கோ மொத்தமாகப் பார்த்தால் நெட் வொர்த். இருப்பதெல்லாம் கூட்டி, கடனெல்லாம் கழித்து நிற்பது. வீடு 60 லட்சம், டெபாசிட் 8 லட்சம், நகை 10 லட்சம், கடன் 22 லட்சம் என்றால் 56 லட்சம். கடனைக் கழிக்காவிட்டால் 78 லட்சம் வரும், ஆனால் அதற்குப் பெயர் நெட் இல்லை. சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் தருகிற சான்றிதழில் 2019 முதல் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க அடையாள எண் கட்டாயம். அதை வைத்து யாரும் இணையத்தில் சரிபார்க்கலாம். மகனின் விசா அந்தத் தாளின்மேல் நிற்கப்போகிறது. கடனை மறைக்கச் சொல்கிற ஏஜென்ட்டை மாற்றுங்கள் ஐயா.

சென்னையிலிருந்து ஒரு வாசகி:

அம்மாவின் உயிலுக்கு புரொபேட் (உயில் செல்லும் என்ற கோர்ட் சான்று) வாங்க வக்கீல் தந்த படிவத்தில் 'நெட் வேல்யூ' இருக்கிறது. அங்கே எதைக் கழிப்பது?

பதில்: 1870-ஆம் ஆண்டின் கோர்ட் கட்டணச் சட்டத்தில் ஒரு மதிப்பீட்டுப் படிவம் உண்டு. முதல் பட்டியலில் சொத்துகள். இரண்டாவதில் கழிக்கக் கூடியவை: இறந்தவர் பட்ட கடன், அடமானம், ஈமச் செலவு. முதலாவதில் இரண்டாவது போக நிற்பது நெட் வேல்யூ. உங்களிடம் இருப்பதும் அந்த வழியில் வந்த படிவமாகத்தான் இருக்கும். மயானச் செலவு ரசீதுகளை எடுத்து வையுங்கள். அவற்றைக் கணக்கில் சேர்க்க மனம் கூசும், எனக்குப் புரிகிறது. சட்டமே அந்தச் செலவுக்கு இடம் வைத்திருக்கிறது. தயங்காமல் எழுதுங்கள்.

ஈரோட்டிலிருந்து தமிழாசிரியை ஒருவர்:

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் மாணவர்களுக்கு 'நிகர மதிப்பு' என்று சொன்னால், நிகர் என்றால் சமம்தானே, எதற்குச் சமம் என்று கேட்கிறார்கள். வேறு சொல் உண்டா?

பதில்: நல்ல பிள்ளைகள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்னும்போது சமம்தான் பொருள். நிகர லாபம், நிகர எடை என்னும்போது கழிவு போக நிற்பது. நிகர மதிப்பு நன்றாக ஊன்றிவிட்ட சொல், அதை மாற்ற வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு சொல்லை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்: தேய்மானம் போக நிகர மதிப்பு, வரி நீங்கலாக நிகரத் தொகை, கல் நீங்கலாக நிகர எடை. 'நீங்கலாக', 'உட்பட' என்ற இரண்டும் நம் பழைய பத்திரங்களில் தேய்ந்து பழகிய சொற்கள். கூச்சமில்லாமல் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள்.

ஒரு பயிற்சியும் சொல்கிறேன். பிஸ்கட் பாக்கெட் ஒன்று, நகை பில் ஒன்று, சம்பளச் சீட்டு ஒன்று வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள். மூன்றிலும் நெட் இருக்கும். பக்கத்தில் எது நீங்கலாக என்று பென்சிலால் எழுதட்டும். சம்பளச் சீட்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். அதில் 12 சதவீதம் பி.எஃப். கழிந்திருக்கும். கழிந்தும் அது அப்பாவின் பணம்தான் என்பதைப் பிள்ளைகள் நம்ப ஒரு பீரியட் ஆகும்.